சாவி எங்கே பிறக்க வேண்டும்: கட்டளை வரியில் குறியாக்கச் சாவிகளைத் தானியக்கமாக உருவாக்குவது பற்றி எங்கள் நிலைப்பாடு

சர்வர்களைப் பராமரிப்பவர்கள், நிரல் எழுதுபவர்கள், கட்டற்ற மென்பொருளைச் சொல்லிக்கொடுப்பவர்கள் எனப் பலரும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. குறியாக்கச் சாவிகளை ஸ்கிரிப்ட் எழுதி உருவாக்கலாமா என்ற கேள்வி எங்களிடம் ஓயாமல் வருகிறது. எங்கள் பதில் இதுதான். இயந்திரத்துக்கான சாவியை இயந்திரமே உருவாக்கட்டும். அதில் மனிதக் கை படவே வேண்டாம். மனிதருக்கான சாவியை அந்த மனிதரைத் தவிர வேறு யாரும் உருவாக்கித் தரக் கூடாது. எந்தச் சாவியானாலும் பயன்படப்போகிற இடத்திலேயே பிறக்க வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் உறுப்பினர் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். இணைப்பில் ஒரு ஜிப் கோப்பு. அதற்குள் அவர் பெயரில் ஒரு பொதுச்சாவி, ஒரு தனிச்சாவி, ஒரு சின்ன உரைக்கோப்பு. உரைக்கோப்பில் கடவுச்சொல் இருந்தது; பார்த்தால் அது அவருடைய ஊழியர் எண். புதிதாகச் சேர்ந்த எல்லாருக்கும் இப்படித்தான். பெயர்ப் பட்டியலை ஒரு விரிதாளிலிருந்து எடுத்து, ஒரே சுற்றில் அத்தனை பேருக்கும் ஜிபிஜி என்ற குறியாக்க மென்பொருளில் சாவி தயாரித்து அனுப்பியிருந்தார்கள். அதைச் செய்த நிர்வாகி கெட்டவர் அல்லர். ஊழியர்களுக்குச் சிரமம் வேண்டாமே என்று நினைத்தவர். ஆனால் அந்தச் சாவியால் எங்கள் உறுப்பினர் போடும் ஒவ்வொரு கையொப்பத்தையும் அந்த நிர்வாகியும் போட முடியும். அந்த மின்னஞ்சல் பெட்டியைத் திறக்க முடிந்த எவரும் போட முடியும். பிறகு அது யாருடைய கையொப்பம்?

தானியக்கமே வேண்டாம் என்பவர்களோடு நாங்கள் இல்லை. கையால் ஒரு சாவி உருவாக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வரிசை தெரியும்: எந்த வகை, எத்தனை பிட், எப்போது காலாவதி, பெயர் என்ன, மின்னஞ்சல் என்ன, கடவுச்சொல், மறுபடியும் கடவுச்சொல். ஒரு சாவிக்கு இது சரி. ஐம்பதாவது சர்வருக்கு இதையே செய்யும்போது விரல் வழுக்கும், இரண்டு சர்வர்களுக்கு ஒரே சாவியைப் போட்டால் என்ன என்று மனம் கேட்கும். இணையதளச் சான்றிதழ்களின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் சேவை எல்லாருக்கும் திறந்துவிடப்படும் வரை, சாவி உருவாக்கி, விண்ணப்பக் கோப்பு தயாரித்து, பணம் கட்டி, மறு வருடம் புதுப்பிக்க மறந்து, தளம் எச்சரிக்கையோடு திறப்பதைப் பார்த்துப் பதறுவதுதான் வழக்கமாக இருந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் 90 நாள் சான்றிதழ் கொடுத்தது, புதுப்பிக்கும் வேலையை நிரலிடம் ஒப்படைத்தது. சான்றிதழ் நிறுவனங்களும் உலாவித் தயாரிப்பாளர்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2029 மார்ச்சிலிருந்து இந்தச் சான்றிதழ்களின் ஆயுள் அதிகபட்சம் 47 நாள். எட்டு வாரம்கூடக் கிடையாது. இதைக் கையால் செய்துகொண்டிருக்க யாராலும் முடியாது. முடியாமல் போனதும் நல்லதற்குத்தான்.

எனவே எங்கள் கவலையெல்லாம் ஸ்கிரிப்டுக்குள் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான். ஜிபிஜியில் கேள்வி கேட்காமல் சாவி உருவாக்க, விவரங்களை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். நெடுங்காலமாக அதன் கையேட்டில் ஒரு மாதிரிக் கோப்பு உண்டு. பெயர் ஜோ டெஸ்டர். நீளம் 1024 பிட். காலாவதி என்ற இடத்தில் 0, அதாவது என்றுமே காலாவதி இல்லை. கடவுச்சொல் ஏ, பி, சி என்ற மூன்றே எழுத்து. இது அசட்டுக் கடவுச்சொல் என்று அந்தக் கோப்பே பெயருக்குப் பக்கத்தில் ஒப்புக்கொள்கிறது. விளக்கம் காட்டுவதற்காக எழுதியது அது. ஆனால் நகலெடுப்பவர்கள் பெயரையும் மின்னஞ்சலையும் மாற்றுகிறார்கள்; காலாவதி வரியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சாவியைப் பாதுகாப்பின்றி வைக்கச் சொல்லும் ஒரு வரியும் உண்டு. அதைச் சேர்த்தால் கடவுச்சொல்லே கேட்காது, ஸ்கிரிப்ட் தடையில்லாமல் ஓடும். தடையில்லாமல் ஓடியதாலேயே அது சரி என்று தோன்றிவிடுகிறது.

சரி, கடவுச்சொல் வைத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த வழியாகக் கொடுக்கிறோம்? கட்டளையின் கூடவே எழுதினால், கட்டளை ஓடும் நேரம் முழுக்க, அதே கணினியில் நுழைந்திருக்கும் வேறொருவர் பிஎஸ் கட்டளையிடம் எல்லாருடைய செயல்களையும் காட்டச் சொன்னால் போதும். சாதாரணமாக அமைக்கப்பட்ட லினக்ஸில் கடவுச்சொல் அப்படியே திரையில் வரும். டெர்மினலில் தட்டியிருந்தால் பாஷ் தன் வரலாற்றுக் கோப்பில் அதைப் பத்திரமாக எழுதி வைத்துக்கொள்ளும். பிழை தேடுவதற்காக ஒவ்வொரு கட்டளையையும் அச்சிடச் சொல்லியிருந்தால், பதிவுக் கோப்பிலும் ஏறிவிடும். இதற்கெல்லாம் மாற்று ஜிபிஜியிலேயே இருக்கிறது: கடவுச்சொல்லை உள்ளீட்டுக் குழாய் வழியாக வாங்கிக்கொள்ளும் வசதி. ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாத எந்த மாதிரியையும் எங்கள் பயிற்சிப் பாடங்களில் இனி வைக்க மாட்டோம்.

இனி, எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது தற்செயல் எண்கள். சாவியின் பலம் முழுக்க அதை விதைத்த எண்களை யாரும் ஊகிக்க முடியாது என்பதில்தான் இருக்கிறது. 2006 செப்டம்பரில் டெபியன் லினக்ஸ் வெளியிட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நிரலகத்தின் பதிப்பில், ஒரு சோதனைக் கருவி எச்சரித்ததை ஒட்டி நிரல் மாற்றப்பட்டிருந்தது. அந்த மாற்றத்தில் தற்செயல் எண்களை ஊட்டும் பாதையே அடைபட்டுப் போனது. மிஞ்சியது ஓடும் நிரலின் செயல் எண் மட்டும். அது 32,768-ஐத் தாண்டாது. ஆக, ஒரே வகைக் கணினியில், ஒரே வகையில், ஒரே நீளத்தில் பிறக்கக்கூடிய சாவிகளும் அவ்வளவே. முழுப் பட்டியலையும் முன்கூட்டியே போட்டு வைத்துவிடலாம். லூசியானோ பெல்லோ என்ற டெபியன் நிரலாளர் கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று டெபியன் அறிவிக்கும் வரை, உபுண்டு உட்பட அதை ஒட்டிய எல்லாவற்றிலும் இப்படிப்பட்ட சாவிகள் பிறந்துகொண்டிருந்தன. இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறோம். எஸ்எஸ்எச் சாவியை ஸ்கிரிப்டால் உருவாக்கியவரும், திரை முன் உட்கார்ந்து நிதானமாகக் கையால் உருவாக்கியவரும் அதே பட்டியலுக்குள்தான் அகப்பட்டார்கள். கையால் செய்தேன் என்பது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 2012-இல், நாடியா ஹெனிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இணையத்தில் வெளித்தெரியும் பொதுச்சாவிகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். டிஎல்எஸ் பேசும் முகவரிகளில் 0.50 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ தனிச்சாவியை அவர்களால் கணக்கிட்டே எடுக்க முடிந்தது. எடுத்த விதம் நாம் பள்ளியில் படித்த மீப்பெரு பொதுக் காரணிதான். இரண்டு சாதனங்களின் சாவிகள் ஒரு பகா எண்ணைப் பகிர்ந்துகொண்டிருந்தால், இரண்டு பெரிய எண்களுக்கும் பொதுக் காரணி கண்டால் போதும், இரண்டு பூட்டும் திறந்துவிடும். மாட்டியவை பெரும்பாலும் ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சின்னச் சாதனங்கள். மின்சாரம் கொடுத்ததும், தற்செயல் எண்கள் சேரும் முன்பே, அவசரமாகத் தாமே சாவி உருவாக்கிக்கொண்டவை அவை. தானியக்கத்தை ஆதரிக்கும் நாங்கள் இதை மறைக்க விரும்பவில்லை: இது முழுக்க முழுக்கத் தானியக்கத்தில் நேர்ந்த தவறு.

இதற்கு இன்று தீர்வு இருக்கிறது. 2014-இல் வந்த லினக்ஸ் 3.17 முதல், போதிய தற்செயல் எண்கள் சேரும் வரை காத்திருந்து கொடுக்கும் அழைப்பு உண்டு. சாவி உருவாக்கும் நிரல் சற்று நின்றால் நிற்கட்டும். ஆனால் பழைய குறிப்புகளில் ஒரு தந்திரம் இன்னும் உலவுகிறது. மெய்நிகர் சர்வரில் ஜிபிஜி நின்றுவிட்டால், மவுஸை அசையுங்கள், விசைப்பலகையைத் தட்டுங்கள் என்று அது கேட்கும். சர்வருக்கு மவுஸ் ஏது? உடனே ஆர்என்ஜிடி என்ற நிரலை கணினியின் தற்செயல் குளத்தையே ஊற்றாகக் கொண்ட யூராண்டமிலிருந்து எண்களை எடுத்து அதே குளத்தில் ஊற்றச் சொல்வார்கள். சட்டியில் இருந்ததையே அகப்பையில் மொண்டு, அதே சட்டியில் ஊற்றி, நிறைந்துவிட்டது என்று கணக்கெழுதும் வேலை இது. குளத்தில் புதிதாக ஒரு சொட்டும் சேரவில்லை. இந்த வரி உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தால் இன்றே நீக்குங்கள். சாவி உருவாக்கி முடித்த ஒரு சர்வரின் பிம்பத்தை எடுத்து இருபது சர்வர்களாகப் பெருக்குவதும் அப்படியே: இருபதுக்கும் ஒரே எஸ்எஸ்எச் அடையாளம், ஒன்றில் நுழைந்தவர் மற்றப் பத்தொன்பதாகவும் வேடம் போட முடியும். பிம்பத்தில் சாவியே இருக்கக் கூடாது. முதல் தடவை எழும்போது ஒவ்வொன்றும் தனக்கென உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கான கருவிகள் உண்டு. கிளவுட்-இனிட் இயல்பாகவே இதைத்தான் செய்கிறது.

மனிதரின் சாவிக்கு வருவோம். ஊழியர்களுக்குக் கட்டளை வரி தெரியாதே என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான், அதனால்தான் ஸ்கிரிப்ட் வேண்டும் என்கிறோம். ஆனால் அது ஊழியரின் கணினியில் ஓட வேண்டும். சாவியின் வகை, நீளம், காலாவதி எல்லாவற்றையும் நிறுவனமே முடிவு செய்து எழுதி வைக்கலாம். கடவுச்சொல் கேட்கும் சின்னப் பெட்டி மட்டும் அவர் முன்னால் திறக்கட்டும். நிர்வாகிக்குப் போக வேண்டியது பொதுச்சாவியும் அதன் விரல்ரேகை எண்ணும்தான். எங்கள் பயிற்சிகளில் தட்டச்சே புதிதாகக் கற்றவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஊழியர் விலகிப்போனால், அவருக்குக் குறியாக்கி அனுப்பிய ஆவணங்களை நிறுவனம் எப்படித் திறக்கும்? நியாயமான கேள்வி. அதற்காக அவருடைய தனிச்சாவியின் பிரதி தேவையில்லை. நிறுவனத்துக்கென ஒரு சாவி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆவணத்தையும் அந்தச் சாவிக்கும் சேர்த்துக் குறியாக்கினால் போதும். ஜிபிஜியின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இதை நிரந்தரமாக்கலாம். நிறுவனம் அப்படிச் செய்வதை ஊழியரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கையொப்பச் சாவிக்கு மட்டும் எந்தச் சூழலிலும் பிரதி கூடாது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

உருவாக்கும் அதே ஸ்கிரிப்ட் சாவியின் முடிவையும் எழுதி வைக்க வேண்டும். ஜிபிஜி 2.1 முதல் சாவி பிறக்கும்போதே ரத்துச் சான்றும் தானாகப் பிறந்து ஒரு தனிக் கோப்புறையில் சேர்கிறது. தவறுதலாகப் பயன்படுத்திவிடாமல் இருக்க அதன் முகப்பில் ஒரு முக்காற்புள்ளி போட்டு வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது அதை நீக்க வேண்டும். ஆனால் சாவியும் ரத்துச் சான்றும் ஒரே வட்டில் இருந்தால், வட்டு போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ரத்துச் சான்றை வேறிடத்துக்கு நகர்த்தும் படி பெரும்பாலான ஸ்கிரிப்டுகளில் இல்லை. 2017-இல் எஸ்தோனியா பட்டதை நினைக்க வேண்டும். அடையாள அட்டைச் சில்லுகளில் சாவி உருவாக்கிய இன்ஃபினியன் நிரலகத்தில் குறை தெரியவந்து, ஏறத்தாழ 7,60,000 அட்டைகளின் சான்றிதழ்களை அந்த நவம்பரில் அரசு நிறுத்தி வைத்தது. சான்றிதழை இணையம் வழியாகவே புதுப்பித்துக்கொள்ளும் வழியும் இருந்ததால் நாடு தப்பித்தது. மொத்தமாகச் சாவி உருவாக்கும் எவரும், ஒரே நாளில் மொத்தத்தையும் மாற்றும் ஒத்திகையையும் பார்த்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

இந்த நிலைப்பாட்டை எங்களிடமிருந்தே தொடங்குகிறோம். வேறொருவர் உருவாக்கிக் கொடுத்த சாவி என்று தெரிந்தால், எங்கள் கூட்டங்களில் அதற்குச் சான்றொப்பம் இட மாட்டோம். உரியவர் தன் மடிக்கணினியில் புதிதாக உருவாக்கி வரட்டும், கூட இருந்து உதவுகிறோம். காலாவதி இல்லாத சாவியை எங்கள் சர்வர்கள் எதிலும் ஏற்க மாட்டோம். எங்கள் மாதிரி ஸ்கிரிப்டுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம், குறை கண்டால் சொல்லலாம். அந்த ஜிப் கோப்பு வந்த உறுப்பினர் தன் பழைய சாவியை ரத்து செய்து, புதியதைத் தன் கணினியிலேயே உருவாக்கிக்கொண்டார். மொத்தம் பத்து நிமிடம் ஆனது. புதிய விரல்ரேகை எண்ணை நிர்வாகியின் மேசைக்கே போய், நான்கு நான்கு எழுத்தாக வாசித்துக் காட்டிவிட்டு வந்தார்.