மருந்துத் துண்டும் வெறும் வயிறும்

"வயது போனால் உடம்பு வற்றத்தானே செய்யும்" என்பது எம்மவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. ஆஸ்பத்திரி வார்ட்டுகளிலும் இவ்வார்த்தையே ஆட்சி செய்கின்றது. இது அனுபவ ஞானமன்று. அலட்சியத்துக்கு நாம் சூட்டிய கௌரவப் பெயர்.

நிமோனியாவினாலோ இடுப்பெலும்பு முறிவினாலோ கட்டிலில் கிடக்கும் முதியவர் முதுமையால் மட்டும் மெலிவதில்லை. நோய் உடலின் புரதத்தைக் கரைக்கின்றது. அசையாத கால்களில் தசை குறைகின்றது. உணவுத் தட்டோ தொடப்படாமலே திரும்பிச் செல்கின்றது. ஏன்? தட்டு கைக்கெட்டாத தூரத்தில் இருந்திருக்கலாம். கட்டுப்பல் வீட்டிலே கிடக்கலாம். சோறு பிசைய வேண்டிய வலக்கையில் சேலைன் ஊசி ஏறியிருக்கலாம். "பசியில்லை" என்று தீர்ப்புக் கூறுமுன் இவற்றைக் காணக்கூடிய கண், நாள் முழுவதும் அருகே நிற்கும் தாதியின் கண்ணே. புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1859ஆம் ஆண்டிலேயே தமது தாதிமை நூலில் உணவுக்கென இரண்டு அத்தியாயங்களை ஒதுக்கியது வீணுக்கன்று.

உணவூட்டுவது சில்லறை வேலை என்போருக்கு ஒரு சான்று காட்டுவோம். சுவிற்சர்லாந்தின் 8 ஆஸ்பத்திரிகளில், போசாக்குக் குறையும் அபாயமுள்ள இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. வழக்கமான உணவு பெற்றோரில் 30 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேர். அவரவர் தேவையறிந்து உணவு திட்டமிடப்பட்டோரில் ஏழு பேர். உயிர்காக்கும் வேலையைச் சில்லறை வேலை என்பது எவ்வாறு?

இனி, துண்டு வெட்டும் நாளைப் பார்ப்போம். மருந்தின் பெயர், அளவு, வேளை யாவும் துண்டில் உண்டு. உணவைப் பற்றியோ, உப்பைக் குறை, சீனியைக் குறை, கொழுப்பைத் தவிர் என்ற விலக்குகளே உண்டு. எதை உண்பது என்ற சொல் இல்லை. பயந்த கிழவி பாணைத் தேநீரில் தோய்த்துண்டு காலந்தள்ளுகிறாள். 50 கிலோ நிறையுள்ள முதியவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1500 கலோரியும், குறைந்தது 50 கிராம் புரதமும் வேண்டும். பாணும் தேநீரும் இதைத் தருமா? சில வாரங்களில் அவள் மீண்டும் அதே வார்ட்டுக்கு வந்தால், குற்றம் முதுமையினதா?

தாதியர்மீது பழிபோட்டுத் தப்பிக்க நாம் வரவில்லை. 2022இன் நெருக்கடிக்குப் பின் எத்தனையோ தாதியர் நாட்டை விட்டுச் சென்றனர். எஞ்சியோர் அவர்களின் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றனர். ஊசிக்கும் அறிக்கைக்கும் நேரம் ஒதுக்கும் நிர்வாகம், ஒரு கிழவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி பருக்கும் நேரத்தை வேலையாகவே எண்ணுவதில்லை. இங்கேதான் எமது சண்டை.

நாம் கேட்பவை பெரியனவல்ல. வார்ட்டுக்கு வரும் நாளும் வீடு செல்லும் நாளும் முதியவரின் நிறை அளக்கப்படட்டும். அது துண்டில் எழுதப்படட்டும். வீட்டில் சமைப்பவர் யார், மெல்லப் பல் உண்டா, முட்டையும் மீனும் பருப்பும் வாங்கப் பணம் உண்டா என்று தாதி கேட்கட்டும். பணமில்லை என்ற பதில் வார்ட்டுக்குள்ளேயே மடிந்துவிடாது, பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைச் சென்றடையட்டும். தாய்மாருக்கும் சிறாருக்கும் 1970கள் தொட்டுத் திரிபோஷா வழங்கிவரும் நாட்டுக்கு, முதியவரின் பசியைக் கண்டறிவது மட்டும் ஆகாத காரியமா?

உழைத்துத் தேய்ந்த உடல்கள் அவை. மருந்தைக் கையில் கொடுத்துப் பட்டினிக்கு அனுப்பி வைப்பதைச் சிகிச்சை என்று அழைக்க நாம் சம்மதியோம்.