பள்ளிக்கூடத்து வருஷமும் சாரசத்தின் வருஷமும்

ஆரம்பப் பள்ளிப் பாடப் புத்தகங்களில் பறவையின் வாழ்க்கைச் சுழற்சி என்ற பாடம் வருகிறபோதெல்லாம் ஒரு வட்டம் வரைந்திருப்பதைக் காணலாம். உச்சியில் ஒரு முட்டை, வலப்பக்கம் ஒரு குஞ்சு, அடியில் சிறகு முளைத்த இளம் பறவை, இடப்பக்கம் தாய்ப் பறவை, இவற்றையெல்லாம் பிணைப்பதற்கு நான்கு அம்புக்குறிகள். முட்டை குஞ்சாவதும், குஞ்சு பறவையாவதும், அந்தப் பறவை மறுபடியும் முட்டையிடுவதும் யாதொரு விக்கினமும் இன்றி நடந்தேறும் காரியங்கள் என்று எண்ணிக்கொண்டு குழந்தை அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. இந்த வட்டத்தின் மேல் எனக்கு நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. எவ்வளவு காலத்தில் நடக்கிற விஷயம் என்பதை அது சொல்வதில்லை. எந்த இடத்தில் என்பதையும் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான முட்டைகள் அந்த வட்டத்தை ஒரு முறைகூடச் சுற்றி வருவதில்லை என்ற உண்மையை அடியோடு மறைத்துவிடுகிறது.

இந்தப் பாடத்தைச் சுவருக்குள்ளே நடத்தாமல் வெட்டவெளியில் நடத்த வேண்டும் என்று நான் சொன்னால், அதில் புதுமை ஒன்றும் இல்லை என்று உபாத்தியாயர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் ஒரு நாள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றி ஏதாவது ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய், புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிற வழக்கம் பல பள்ளிகளில் இருக்கத்தான் செய்கிறது. நான் விரும்புவது அந்த உல்லாசப் பிரயாணம் அன்று. ஒரே ஜோடிப் பறவையை, ஒரே வயற்காட்டில், பள்ளி திறந்த நாள் முதல் மூடுகிற நாள் வரையில், மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்து, அந்தந்த மாதத்துக் கதையை அங்கேயே நின்று சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதற்கு மிகவும் தோதான பறவை ஒன்று நம் தேசத்தில் இருக்கிறது. அது உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையாகிய சாரசக் கொக்கு.

தமிழ்நாட்டு வயல்களில் சாரசம் இல்லை. கங்கையும் யமுனையும் பாயும் சமவெளியில், விசேஷமாக இடாவா, மைன்புரி ஜில்லாக்களின் நெல் வயல்களிலும் தாமரைக் குட்டைகளிலும்தான் அதைத் தாராளமாகக் காணலாம். நின்றால் ஏறக்குறைய ஆறடி. பறக்கும் பறவைகளில் இதைவிட உயரமானது உலகத்தில் வேறு கிடையாது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம், தலையும் மேல்கழுத்தும் மட்டும் செக்கச்செவேலென்று இறகில்லாத தோல். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி; ஆண் சற்றே பெரிது. ஒரு முறை ஜோடி சேர்ந்தால் இரண்டும் பல ஆண்டுகள் பிரியாமல் வாழ்கின்றன. குஜராத்தின் சில பகுதிகளில் புதுமணத் தம்பதிகளை அழைத்துச் சென்று சாரச ஜோடியைத் தரிசிக்கச் செய்யும் வழக்கம் இருந்ததற்கு இந்த இணைபிரியாமையே காரணம்.

இனி, அந்தப் பறவையின் வருஷத்தையும் பள்ளிக்கூடத்து வருஷத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வடக்கே கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கிற ஜூலை மாதத்தை ஒட்டித்தான் பருவமழை பிடித்துக்கொள்கிறது. வயலில் தண்ணீர் தேங்குகிறது. சாரசங்கள் கூடு கட்டத் தொடங்குகின்றன. ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ குஞ்சு வெளிவருகிறது. அரைப் பரீட்சை சமயத்தில் அது பறக்கப் பழகுகிறது. முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகும் காலத்தில், ஒன்பது பத்து மாதம் தாய்தந்தையரோடு திரிந்த குஞ்சும் அவர்களை விட்டு விலகுகிறது. இவ்வளவு பொருத்தமாக அமைந்த ஒரு பாடத்தை ஒரு பக்கத்து வட்டத்தில் அடைத்து, நாற்பது நிமிஷத்தில் முடித்துவிடுகிறோமே என்பதுதான் என் குறை.

முதல் மாதத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது கூடு. மரத்தின்மேல் அதைத் தேடுகிற குழந்தைக்கு முதல் ஆச்சரியம் அங்கேயே காத்திருக்கிறது. முழங்காலளவு தண்ணீரின் நடுவே, கோரையையும் நாணலையும் நெற்பயிரையும் பிடுங்கிக் குவித்து, ஏறக்குறைய ஆறடி அகலத்தில் ஒரு திட்டு எழுப்பியிருக்கும். நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பதே கூட்டுக்குக் காவல். அந்தத் திட்டின்மேல் பெரும்பாலும் இரண்டு முட்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 240 கிராம் எடை, அதாவது கோழி முட்டை நான்கின் கனம். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்க, ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் அவை பொரிகின்றன. இந்தக் கட்டத்தில் பிள்ளைகளுக்குப் பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றும் இராது; ஒரு பறவை உட்கார்ந்திருக்கும், மற்றொன்று சற்றுத் தூரத்தில் மேயும், அவ்வளவுதான். ஆயினும், ஒன்றும் நடவாதது போல் தோன்றும் அந்த மாதமும் கதையின் ஒரு பகுதி என்பதைப் புத்தகத்தின் அம்புக்குறி ஒருநாளும் சொல்லித் தராது.

காவல் மாறுகிற வேளையில் ஜோடி இரண்டும் சேர்ந்து குரல் எழுப்புவதைக் கேட்க நேர்ந்தால் அது பாக்கியம். ஒன்று தொடங்க, மற்றது இடைவிடாமல் தொடர்ந்து, இரண்டு குரலும் ஒரே குரலாக வெகு தூரம் ஒலிக்கும். அவ்வளவு பெரிய நாதம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு குழந்தை கேட்காமல் இராது. இந்தக் கொக்கின் மூச்சுக்குழல் நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடுவதில்லை. மார்பெலும்புக்குள் புகுந்து, நாதஸ்வரத்தைச் சுருட்டி வைத்தாற்போல் வளைந்து, பிறகுதான் உள்ளே போகிறது. அந்த நீளமே குரலுக்குக் கம்பீரத்தைக் கொடுக்கிறது. உடற்கூற்றைக் கற்பிக்க இதைவிட நல்ல தருணம் எந்த வகுப்பறையில் வாய்க்கும்?

குஞ்சு பொரித்த பின்னர் கதை வேகம் கொள்கிறது. பழுப்புத் தூவி போர்த்த அந்தக் குஞ்சு, பிறந்த சிறிது நேரத்துக்குள்ளேயே எழுந்து, ஓரிரு நாளில் தாய்தந்தையின் பின்னால் நடக்கவும் நீந்தவும் தொடங்கிவிடும். ஆரம்ப நாட்களில் பெற்றோர் ஊட்டுகின்றன. பிறகு பூச்சியையும் புழுவையும் தவளையையும் கிழங்கையும் தானாகவே பொறுக்கித் தின்னக் கற்றுக்கொள்கிறது. ஆபத்து நெருங்கினால் பெற்றோர் தாழ்ந்த குரலில் ஓர் ஒலி எழுப்பும். அதைக் கேட்ட மாத்திரத்தில் குஞ்சு அசைவற்றுப் புல்லுக்குள் படுத்துவிடும். வரப்பிலே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை இதை ஒரு விளையாட்டாக விளையாடச் சொல்லலாம். ஒருவன் தாய்க்கொக்காக இருந்து குரல் கொடுக்க, மற்றவர்கள் இருந்த இடத்தில் சிலையாகிவிட வேண்டும். அசைந்தவன் நரிக்கு இரை. வெட்டவெளியில் கற்பித்தல் என்று நான் சொல்வது இப்படிப்பட்ட காரியங்களைத்தான். திறந்த வானத்தின் கீழே நின்றுகொண்டு அதே புத்தகத்தை உரக்க வாசிப்பதை அன்று.

இப்பொழுது எல்லோரும் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். இரண்டு முட்டை இருந்ததைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த மாதம் போகும்போது ஒரு குஞ்சைத்தான் காணக்கூடும். ஒன்றையுமே காணாமலும் போகலாம். காக்கை முட்டையைக் குத்திவிடும். தெருநாய் குஞ்சைக் கவ்விவிடும். அளவுக்கு மிஞ்சிய வெள்ளம் கூட்டையே மூழ்கடித்துவிடும். எந்த வருஷத்தை எடுத்துக்கொண்டாலும் குடும்பம் நடத்தும் சாரச ஜோடிகளில் சுமார் 30 சதவீதம்தான் குஞ்சை வளர்த்து ஆளாக்குகின்றன என்பது பறவை நூலோர் கணக்கு. குழந்தைகளின் மனம் புண்படும், இதையெல்லாம் சொல்லலாமா என்று நல்ல உள்ளம் படைத்த ஆசிரியைகள் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன், ஒப்புக்கொள்ள மாட்டேன். கிராமத்துக் குழந்தை ஆட்டுக்குட்டி சாவதைப் பார்த்திருக்கிறது. நகரத்துக் குழந்தை பாட்டனாரின் மரணத்தைப் பார்த்திருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த ஒன்றை நாம் மறைப்பதால், பாடத்தின் மேலேயே அவர்களுக்கு அவநம்பிக்கை பிறக்கிறது. தவிரவும், பத்தில் ஏழு ஜோடி வெறுங்கையோடு நிற்கும் என்று அறிந்த பிள்ளைக்குத்தான், தன் வயலில் பிழைத்த அந்த ஒரு குஞ்சு மார்கழிப் பனியில் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பும்போது அது எத்தகைய காரியம் என்று விளங்கும். மூன்று மாதம் பொறுத்த பிறகு காணும் காட்சி அது.

அப்போதும் அதன் தலை சிவக்காது. துருப்பிடித்தாற்போன்ற பழுப்பு இறகு மூடியிருக்கும். அறுவடையான வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கும் மூன்று பறவைகளில் எது பிள்ளை என்று ஐந்தாம் வகுப்பு மாணவன் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். கோடையில் நீர்நிலைகள் வற்றி, எஞ்சிய குட்டைகளில் பறவைகள் கூட்டமாகக் கூடுகிற சமயத்தில் அது பெற்றோரைப் பிரிந்து, ஜோடி சேராத இளம் பறவைகளோடு கலந்துவிடுகிறது. சொந்தமாக ஒரு குடும்பம் ஏற்படுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் பிடிக்கும். புத்தகத்து வட்டத்தில் ஓர் அம்புக்குறியாக இருப்பது இந்த இடைவெளிதான்.

இவ்வளவையும் கண்டறியப் பெரிய கருவிகள் தேவையா என்றால், ஒரு சக்கரவர்த்தியின் உதாரணம் போதும். மொகலாய அரசர் ஜஹாங்கீர் தாம் வளர்த்த சாரச ஜோடிக்கு லைலா, மஜ்னூன் என்று பெயர் சூட்டி, அவை முட்டையிட்டு அடைகாத்ததைக் கவனித்துத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் இடையே நாற்பத்தெட்டு மணி நேரம் என்றும், குஞ்சு பொரிக்க முப்பத்துநான்கு நாள் என்றும் அவர் குறித்தவை இக்காலத்து ஆராய்ச்சிக்கும் ஒத்து வருகின்றன. ராஜாங்க காரியங்களுக்கு நடுவே அவருக்குக் கிடைத்த அவகாசம் நம் பள்ளிக்கூடத்து நேர அட்டவணைக்குக் கிடைக்காது என்று சொல்வது வேடிக்கையாக இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். அரசர் செய்தது போல வளர்ப்பதற்கு இன்று சட்டம் இடம் தராது. தரவும் கூடாது. 2023-இல் அமேதி ஜில்லாவில், அடிபட்ட சாரசம் ஒன்றுக்கு வைத்தியம் செய்து காப்பாற்றிய கிராமவாசியின் பின்னாலேயே அந்தப் பறவை பறந்து திரிந்ததும், பின்னர் வனத்துறையினர் அதைக் கொண்டுபோனதும், முடிவில் அது கான்பூர் மிருகக்காட்சிசாலைக் கூண்டில் இருந்ததும் பத்திரிகைகளில் வந்த செய்தி. அந்த மனிதரின் அன்பில் குற்றமில்லை. ஆனாலும் மனிதனை அண்டிய பறவைக்குக் காட்டு வாழ்க்கை கடினமாகிவிடுகிறது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்துச் சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையில், அழிவின் விளிம்புக்குப் போய் மீண்ட பெருங்கொக்கின் குஞ்சுகளை வளர்ப்பவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி போர்த்து, கையில் கொக்குத் தலைபோன்ற பொம்மையை மாட்டிக்கொண்டு, வாய் பேசாமல் இரையூட்டுவதும் இதன் பொருட்டே. ஆகையால் பிள்ளைகள் வரப்பிலேயே நிற்கட்டும். கூட்டை நெருங்க வேண்டாம். முடிந்தால் வகுப்புக்கு ஒரு தொலைநோக்கி இருக்கட்டும்.

உபாத்தியாயருக்கே பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. அதற்கு விடை வயலிலேயே இருக்கிறது. தன் பயிரில் ஒரு பகுதியைப் பிடுங்கிக் கூடு கட்டிய பறவையை விரட்டாமல் விட்டுவைத்த விவசாயிக்கு, எந்த வருஷம் எந்த மூலையில் கூடு இருந்தது, நாய் எப்பொழுது வந்தது, குஞ்சு எத்தனை தேறியது என்பதெல்லாம் மனப்பாடம். மாதம் ஒரு நாள் அவர் பேசட்டும், ஆசிரியர் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு, சிறப்பு விரிவுரையாளர்களுக்கு வழங்கும் சன்மானத்தை அவருக்கும் வழங்குவதற்குக் கல்வி இலாகாவின் கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பு ஏற்படுத்தினால், நாற்றில் அவருக்கு ஏற்பட்ட நஷ்டமும் ஓரளவு ஈடாகும்.