மறுபடி எண்ணினால் என்ன?

"மூன்று தடவை எண்ணினார்கள், மூன்று கணக்கு வந்தது. இது தேர்தலா, கூத்தா?" என்று கேட்கிறார் என் நண்பர். பாங்கில் முப்பது வருஷம் காஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயிலிருந்து இந்தக் கேள்வி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அவர் சொல்வது, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2004 நவம்பரில் நடந்த கவர்னர் தேர்தலை. (அங்கே கவர்னர் நியமன ஆசாமி அல்ல, ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைக்கும் ஆட்சித் தலைவர்.) சுமார் 28 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டீனோ ரோஸிக்கு 261 ஓட்டு அதிகம். சட்டப்படி யந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள். 42 ஆகச் சுருங்கிற்று. ஜனநாயகக் கட்சியார் 7 லட்சம் டாலருக்கு மேல் டெபாசிட் கட்டி, கையால் எண்ணச் சொன்னார்கள். கிரிஸ்டீன் கிரெக்வார் 129 ஓட்டில் ஜெயித்தார்.

"ஜெயிக்கும் வரை எண்ணினார்கள்" என்பது நண்பரின் கட்சி. நான் ஒப்பவில்லை. சாயங்காலம் கல்லாவில் பத்து ரூபாய் உதைத்தால் இவர் என்ன செய்திருப்பார்? 'முதல் கணக்கே முடிந்த கணக்கு' என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாரா? நோட்டுக் கட்டுகளைத் திரும்பப் பிரித்திருப்பார், மேஜைக்கடியிலும் தேடியிருப்பார். என் நாவல்களில் நாலாவது புரூஃபிலும் பிழை அகப்படுகிறது. அதற்காக முதல் புரூஃபே புனிதமானது என்று எந்த அச்சகத்தாரும் என்னிடம் வாதாடியதில்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. சியாட்டில் நகரம் இருக்கிற கிங் கவுண்டியில் சில நூறு தபால் ஓட்டுகளைத் தள்ளிவிட்டிருந்தார்கள். கம்ப்யூட்டரில் கையெழுத்து மாதிரி இல்லையாம்! காகிதக் கோப்பைப் புரட்டியிருக்க வேண்டும், புரட்டவில்லை. தள்ளுபடியானவர்களின் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்த கவுண்டி சபைத் தலைவர் லாரி பிலிப்ஸ், அதில் தம் பெயரையே கண்டார். சபைத் தலைவர் ஓட்டுக்கே அந்தக் கதி என்றால் சாமானியன் ஓட்டு எந்த மூலையில் கிடந்திருக்கும்? கடைசியில் அப்படி 735 ஓட்டுகள் அகப்பட்டன. அவற்றைச் சரிபார்த்துச் சேர்க்கலாம் என்றது மாநில உச்ச நீதிமன்றம். அவை சேராமலே கிரெக்வார் 10 ஓட்டு முன்னால் இருந்ததையும், முடிவுக்குச் சான்று அளித்த மாநிலச் செயலாளர் சாம் ரீட் ரோஸியின் கட்சிக்காரர் என்பதையும் நண்பர் சொல்வதில்லை.

அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. சிறை சென்று ஓட்டுரிமை இழந்தவர்கள் போட்டது, இறந்தவர் பெயரில் போட்டது முதலாகச் செல்லாத ஓட்டுகள் 1,678 என்று 2005 ஜூனில் நீதிபதி ஜான் பிரிட்ஜஸே கண்டார். வெட்கக்கேடுதான். ஆனால் அந்தந்த வட்டாரத்தில் யாருக்கு எவ்வளவு விழுந்ததோ அந்த விகிதத்தில் அவற்றைக் கழிக்க வேண்டும் என்றது ரோஸி தரப்பு. குடியிருக்கும் தெருவைப் பார்த்து ஒருவன் ஓட்டை ஊகிப்பதா? அப்புறம் ரகசிய ஓட்டு எதற்கு? நீதிபதி மறுத்துவிட்டார். யாருக்குப் போட்டார்கள் என்று சாட்சியம் இருந்த ஓட்டுகளை மட்டும் கழித்தார். அதில் ரோஸிக்கே நான்கு குறைந்தது! வித்தியாசம் 133 ஆயிற்று.

ரோஸி மேல்முறையீடு செய்யவில்லை. என் நண்பர்தான் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்.