டாக்டரை ஏமாற்றலாம்... ரத்தத்தை?

நாளை மறுநாள் டாக்டரிடம் போகவேண்டும். 'சுகர்' பார்க்க ரத்தம் கொடுக்கவேண்டும். நடுவில் இருக்கிற இந்த இரண்டு நாட்கள் உங்கள் வீட்டில் எப்படிப் போகும் என்று நான் சொல்லட்டுமா?

மூன்று மாதமாக அலமாரிக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்த கேன்வாஸ் ஷூ கீழே இறங்கும். விடியற்காலை நடை ஆரம்பமாகும். ஐந்து இட்லி இரண்டாகும். டீக்கடையில் "சீனி இல்லாம ஒண்ணு" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொல்வீர்கள். ராத்திரி இரண்டே இரண்டு சப்பாத்தி. விட்டுப்போன மாத்திரைகளெல்லாம் வேளை தவறாமல் உள்ளே போகும்.

மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால், எண் அப்படியொன்றும் மோசமாக இருக்காது. "பரவாயில்லையே" என்பார் டாக்டர். திரும்பி வரும் வழியிலேயே பஸ் ஸ்டாண்டு கடையில் சீனி போட்ட டீ, கூடவே இரண்டு வடை. 'அதான் நார்மல்னு சொல்லிட்டாரே!'

சிரிக்காதீர்கள். நானும் இதைச் செய்தவன்தான். ஒரு தடவை இல்லை, நாலு வருஷம்!

தேனியில் நான் பார்க்கிற டாக்டர் ஒருநாள் இரண்டு எண்களைச் சுழித்து என் முன்னால் வைத்தார். ஒன்று, வெறும் வயிற்றுச் சர்க்கரை: 108. மற்றது, அதே ரத்தத்தில் பார்த்த 'மூன்று மாத சராசரி': 9.4 சதவீதம். "அண்ணே, இந்த 108 நேத்து ராத்திரி நீங்க இருந்த கணக்கு. இந்த 9.4 மூணு மாசமா நீங்க இருந்த கணக்கு. ரெண்டுல எதுக்கு நான் மருந்து எழுதட்டும்?" என்றார்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்!

ரத்தம் எழுதுகிற டைரி

அந்த மூன்று மாத சராசரிக்கு 'ஹெச்பிஏ1சி' என்று பெயர். விஷயம் எளிமையானது. நம் ரத்தச் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் இருக்கிறது. ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை கூடுதலாக இருந்தால் ஒட்டுவதும் கூடுதலாக இருக்கும். ஒட்டியது லேசில் விடாது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆகவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதமாக நாம் எப்படி இருந்தோம் என்பது தெரிந்துவிடும். 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்று கணக்கு. நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். ரத்தசோகை போன்ற சில நிலைமைகளில் இந்த எண் சற்று மாறிக் காட்டும். அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இரண்டு நாள் பத்தியம் இருந்து ரத்தம் கொடுப்பது, மூட்டையின் மேலே மட்டும் பருத்த ஏலக்காயைப் பரப்பி வைத்து விற்கப் பார்ப்பது மாதிரி. போடி வியாபாரி ஏமாறுவாரா? உள்ளே கையை விட்டு அள்ளிப் பார்ப்பார். மூன்று மாத சராசரி என்பது அப்படி உள்ளே போகிற கை.

யாரை ஏமாற்றினோம்?

'டாக்டருக்குப் பயந்து பொய் சொன்னோம், அவ்வளவுதானே' என்று நினைக்கலாம். அது மட்டும் இல்லை.

1984-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. சர்க்கரை நோயாளிகளிடம் வீட்டில் ரத்தம் பார்த்துக்கொள்ளும் கருவியைக் கொடுத்து, எண்களை நோட்டில் எழுதிவரச் சொன்னார்கள். கருவிக்குள் ஒரு நினைவுச் சில்லு இருந்தது நோயாளிகளுக்குத் தெரியாது. பிறகு நோட்டையும் கருவியையும் ஒப்பிட்டால்... பலர் கூடுதலான எண்களைக் குறைத்தோ விட்டுவிட்டோ எழுதியிருந்தார்கள். ரத்தமே பார்க்காத வேளைக்கும் அழகாக ஒரு எண்ணை எழுதி வைத்திருந்தார்கள்!

1992-ல் இன்னொரு ஆய்வு. 'நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், உடம்பு மட்டும் குறையமாட்டேன் என்கிறது' என்ற குண்டானவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். தாங்கள் சாப்பிட்டதை 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடம்பை அசைத்ததை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள்.

இவர்களெல்லாம் பெரிய புளுகர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தாங்கள் சொன்னதை அவர்களே நம்பியிருப்பார்கள். மனசு ஒரு குறும்புக்காரக் கணக்குப்பிள்ளை. நடந்து போன நாளை வரவு வைப்பான். நடக்காத நாளை எழுதவே மாட்டான். மாத்திரை போட்ட நாள் நினைவில் இருக்கும், மறந்த நாள் மறந்தே போகும்.

அவன் எழுதுகிற கணக்கில் சில வரிகள் நம் எல்லோர் வீட்டிலும் உண்டு. "நாட்டுச் சர்க்கரைதானே, ஒண்ணும் பண்ணாது." பண்ணும். வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுபவைதான். "காலையில பாகற்காய் ஜூஸ் குடிச்சாச்சு, மத்தியானம் பாயசம் சாப்பிடலாம்." அப்படியொரு வரவு செலவு உடம்பில் கிடையாது. "நம்ம கம்பம் பன்னீர் திராட்சைதானே, பழம் நல்லதுதானே." 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம்தான், பெருமைதான். அதற்காகக் கொத்தோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்? "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்பது கடைசி வரி. இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

ஏனென்றால் கூடுதல் சர்க்கரை பல வருஷம் சத்தமே போடாது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு என்று நிதானமாக வேலை செய்யும். நரம்பு மரத்துப்போன காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் வீரபாண்டி கோயில் திருவிழாவுக்குச் செருப்பில்லாமல் போய்வந்து, "எனக்குச் சூடே தெரியலை, எல்லாம் ஆத்தா அருள்" என்று ஒருவர் சொன்னால், சர்க்கரைக்காரராக இருக்கும் பட்சத்தில் அவர் பாதத்தை உடனே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்பதே அங்கே நோயின் அடையாளமாக இருக்கலாம்.

அணை நிலவரம் பார்க்கிறவர்கள் நாம்

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு எண்ணைப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டாம். காலையில் பேப்பர் வந்ததும் கண் போகிற இடம் 'அணை நிலவரம்'. பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு? 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரை நம்பித்தான் இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் இருக்கிறது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபோது இங்கே ஊரே கொண்டாடியது. 104 அடிக்குக் கீழே போனால் நம் பக்கம் தண்ணீர் வராது என்பது விவசாயி வீட்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அணையில் 110 அடி இருக்கும்போது, 'எனக்கென்னவோ 130 இருக்கும்னு தோணுது' என்று யாராவது நாற்றுப் பாவுவார்களா? அதிகாரி பார்வையிட வருகிறார் என்று முதல்நாள் நாலு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினால் அணை நிரம்புமா? டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் நாம் செய்கிற காரியம் அந்த நாலு குடம்தான்!

வயலுக்கு வேண்டிய எண்ணை நேராகப் பார்க்கிற நாம், உடம்பின் எண்ணை மட்டும் ஏன் ஓரக்கண்ணால் பார்க்கிறோம்? அணை வற்றினால் அது நம் தப்பில்லை. மழை இல்லை என்று சொல்லிவிடலாம். சர்க்கரை கூடினால் நம்மையே குறை சொன்னதாக மனசு எடுத்துக்கொள்கிறது. பரீட்சை மார்க் மாதிரி நினைத்து மறைக்கிறது. அது மார்க் இல்லை சார். நீர்மட்டம். அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க உதவும் ஒரு அளவு.

பொய்யின் விலை

நீங்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. ஆனால் 'போடுகிறேன்' என்கிறீர்கள். சர்க்கரை குறையவில்லை. டாக்டர் என்ன நினைப்பார்? 'இந்த மருந்து போதவில்லை' என்று அளவைக் கூட்டுவார், அல்லது இன்னொன்றைச் சேர்ப்பார். பிறகு ஒருநாள் உங்களுக்கு ஞானம் வந்து எல்லாவற்றையும் சீட்டில் இருக்கிறபடி விழுங்குகிறீர்கள். சர்க்கரை சடாரென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம். தனியாக இருக்கும்போது வந்தால் உயிருக்கே ஆபத்து.

உண்மைக்கு என்ன கூலி என்று கேட்கிறீர்களா? இங்கிலாந்தில் பல வருஷம் நடந்து 1998-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், ஒரு பிரிவினரின் சராசரி 7.9, இன்னொரு பிரிவினரின் சராசரி 7.0. வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தக்குழாய் பாதிப்புகள் கால்பங்கு குறைந்தன.

இது ஓரிருவர் சமாசாரமும் அல்ல. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். உங்கள் தெருவை எண்ணிப் பாருங்கள், புரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

என் பொய்யில் பாதி டாக்டருக்காகச் சொன்னதில்லை, வீட்டுக்காகச் சொன்னது. "மாத்திரை போட்டீங்களா?" என்று மனைவி கேட்கும் குரலில் போலீஸ் விசாரணை இருக்கும். "அப்பா, திரும்பவும் ஜிலேபியா?" என்று மகள் கூடத்தில் கத்துவாள். அவர்கள் அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் கேட்கிற தோரணையில் நான் ஒளிந்து தின்னக் கற்றுக்கொண்டேன். உண்மை சொன்னால் அடி விழுகிற வீட்டில் குழந்தை மட்டுமா பொய் சொல்லும்?

அந்த 9.4 சீட்டோடு வீட்டுக்குப் போன அன்று உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நாலு வருஷக் கதையையும். மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எனக்குத் தெரியும்ங்க. குப்பைக் கூடையில மாத்திரை அட்டையே விழறதில்லையே" என்றாள். ஏமாந்தது நான் ஒருவன்தான்!

என்ன செய்யலாம்?

மாத்திரை வாங்கிய தேதியை அட்டையின் பின்னால் எழுதுங்கள். மாசக் கடைசியில் மிச்சத்தை எண்ணுங்கள். ஞாபகம் பொய் சொல்லும், அட்டை சொல்லாது.

வாரத்தில் இரண்டு நாளாவது, சாப்பிட்டதைச் சாப்பிட்ட கையோடு எழுதுங்கள். ராத்திரி படுக்கப்போகும்போது எழுதினால் கணக்குப்பிள்ளை வேலையைக் காட்டிவிடுவான்.

டெஸ்ட்டுக்கு முந்தின நாட்களில் எப்போதும்போல இருங்கள். அவசரப் பத்தியம் வேண்டாம்.

டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "டாக்டர், இந்த மாசம் பன்னிரண்டு நாள் மாத்திரை போடலை." ஏன் போடவில்லை என்பதையும் சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டுகிறதா, மாற்றித் தருவார். விலை கட்டவில்லையா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். நிறைய நாள் விட்டவர்கள், அவரைக் கேட்காமல் தாங்களாகவே முழு அளவில் ஆரம்பிக்கவேண்டாம்.

வீட்டில் கேட்பவர்கள், "போட்டீங்களா?" என்பதற்குப் பதில், "இந்த வாரம் எத்தனை விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போவது சகஜம் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. உண்மை தானாக வெளியே வரும்.

என் சராசரி இப்போது 7.3. முழுசாகத் தேறவில்லை. போன மாசம் மூன்று நாள் மாத்திரை விட்டுப்போச்சு, ஒரு கல்யாணத்தில் ஜாங்கிரியும் உள்ளே போச்சு. இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் நோட்டில் என்ன இருக்கிறது? இன்று ராத்திரியே அந்த மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுங்களேன்!