எட்டு வயசுக்கு எதுக்குங்க பதினோரு பேர் ஆட்டம்?

கால்பந்து கோல் கம்பத்தின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. பீலே நின்ற கம்பமும் அதுதான், மெஸ்ஸி நிற்கிற கம்பமும் அதுதான். இதற்கு நடுவில் நாலேகால் அடி உயரமுள்ள ஒரு மூன்றாம் வகுப்புப் பையனை கீப்பர் என்று நிறுத்தினால் என்ன ஆகும்? பந்தைக் கொஞ்சம் தூக்கி அடித்தால் போதும், கோல். அடித்தவனின் அப்பா ஓரத்தில் நின்று துள்ளிக் குதிக்கிறார். பையன் திறமைசாலியாக இருக்கலாம், ஆனால் அந்தக் கோலில் பாதி கம்பத்தின் புண்ணியம் :-)

மைசூரில் எங்கள் குடியிருப்பில் இப்போது இதுதான் பஞ்சாயத்து. தசரா விடுமுறையில் ஒரு போட்டி. 12 வயதுக்குட்பட்டோர், பதினோரு பேர் ஆட்டம், முழு மைதானம். நம்ம பிள்ளைகளுக்கு எட்டும் ஒன்பதும்தான் ஆகிறது. இருந்தாலும் அனுப்பியே தீரவேண்டும் என்று பாதி அப்பாக்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். (முன்வரிசையில் நம்ம தமிழ் அப்பாக்கள். வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு, பிள்ளை ஒரு கப்போடு வந்தால் ஊருக்கு போட்டோ அனுப்பலாம். புரிகிறது.) நான் கூடாது என்கிற கட்சி. வாட்ஸப்பில் இரண்டு வரியில் சொன்னால் கைகூப்புகிற பொம்மையைப் போட்டுவிட்டு நழுவிவிடுகிறார்கள். அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 40 நிமிஷ ஆட்டம், 22 பிள்ளைகள், ஒரே ஒரு பந்து. பந்து வெளியே போகாமல், எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தால்கூட ஆளுக்கு இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. நிஜத்தில் வளர்ந்த பையன்கள் மூன்று பேர் பந்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், மற்றவர்கள் பின்னாலேயே தேனீ மாதிரி ஓடுவார்கள். அதே 40 நிமிஷத்தை நாலுக்கு நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஐந்து நிமிஷம். நீச்சல் கற்றுக்கொடுக்க ஒரு குளத்தில் எத்தனை பேரை இறக்கலாம் என்று யோசிக்கிற நாம், இதை மட்டும் ஏனோ யோசிப்பதில்லை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் 2012-ல் விதியையே மாற்றினார்கள். 7, 8 வயதுப் பிரிவுகளுக்கு ஐந்து பேர் ஆட்டம், 9, 10-க்கு ஏழு பேர், 11, 12-க்கு ஒன்பது பேர். அதற்கப்புறம்தான் பதினொன்று. அமெரிக்காவில் 2017 முதல் கிட்டத்தட்ட இதே படிக்கட்டு. 2018, 2022 இரண்டு உலகக் கோப்பைகளிலும் முதல் சுற்றிலேயே வெளியேறிய ஜெர்மனி, 2024-25 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு லீக் பட்டியலே வேண்டாம் என்று எடுத்துவிட்டது. இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, குட்டி குட்டி கோல். நார்வே இன்னும் ஒரு படி மேலே. பிள்ளைக்கு 11 வயது ஆகிற வருஷம் வரை புள்ளிப்பட்டியல் கிடையாது, 13 ஆகிற வருஷம் வரை தேசியப் போட்டி கிடையாது. எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி. அந்த நாட்டில் வளர்ந்த பையன்தான் எர்லிங் ஹாலண்ட். பட்டியல் இல்லாததால் அவருக்கு ஒன்றும் குறைந்த மாதிரி தெரியவில்லை.

"அதெல்லாம் வெளிநாட்டுக்கு சரி சார்" என்பார்கள். நம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே 2018-ல் 'கோல்டன் பேபி லீக்' என்று ஆரம்பித்ததே? 6 முதல் 12 வயது வரை, ஆணும் பெண்ணும், சின்ன அணி, சின்ன மைதானம்.

சரி, எந்த வயசில் என்னதான் எதிர்பார்க்கலாம்? நான் பார்த்த, படித்த வரைக்கும் சொல்கிறேன்.

ஆறு, ஏழு வயசில் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, பந்தோடு சிநேகம். ஆளுக்கொரு பந்து, மூன்றாம் நம்பர் சைஸ். இரண்டு காலாலும் உருட்ட வேண்டும், நிறுத்த வேண்டும், திரும்ப வேண்டும். பாஸ் பண்ணவில்லை என்று அந்த வயசுப் பிள்ளையைத் திட்டுகிற கோச்சை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த வயசில் சாக்லேட்டையே பங்கு போடாது, பந்தையா பங்கு போடும்?

எட்டிலிருந்து பத்துதான் பொன்னான காலம். சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். ஒருவனை ஏமாற்றித் தாண்டுவது, பந்து வருவதற்கு முன்னால் தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது, இடது காலால் பத்தடி தூரம் சரியாகக் கொடுப்பது, இவையெல்லாம் இப்போது வந்தால் வந்ததுதான். பதினைந்து வயசில் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம். நிலையான இடம் கொடுக்கவே கூடாது. இன்றைக்கு கீப்பர், நாளைக்கு ஃபார்வர்ட். 'நீ டிஃபென்டர், கோட்டைத் தாண்டாதே' என்று ஒன்பது வயசில் கட்டிப்போடுவது, பிள்ளைக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் சொல்லிக்கொடுத்து பள்ளிக்கூடத்தை முடித்துவிடுவது மாதிரி.

தலையால் முட்டுவது இந்த வயசில் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 10 வயது வரை கூடாது என்று 2015-லேயே சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் ஆரம்பப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் கிடையாது.

பதினொன்று, பன்னிரண்டில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து யோசிக்கிற ஆட்டம். இடம், அமைப்பு, உடல்வலு, பதினோரு பேர் எல்லாம் பதின்மூன்றுக்கு மேல்.

இன்னொரு விஷயம் யாரும் பேசுவதில்லை, பிறந்த மாதம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயசில் பதினோரு மாதம் என்பது வாழ்க்கையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை வைத்து 1985-லேயே இதை எடுத்துக் காட்டினார்கள். வருஷத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் கொத்துக் கொத்தாகத் தேர்வாகியிருந்தார்கள். கப் ஜெயிக்கவேண்டும் என்று வந்துவிட்டால் கோச் யாரை எடுப்பார்? நெட்டையனை. டிசம்பர்காரன் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நாள் வராமலே போய்விடுவான். பிறந்த சான்றிதழைத் திருத்துகிற நம் ஊர் வியாதிக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

விளையாட்டு இந்த மண்ணுக்குப் புதுசு ஒன்றும் இல்லை. மைசூர் என்ற பெயரில் இந்த மாநிலம் சந்தோஷ் டிராபியை நான்கு முறை வென்றது. கடைசியாக 1968-69-ல். அப்புறம் கர்நாடகமாக மறுபடி தூக்கியது 2023-ல், அதுவும் ரியாத்தில். அந்தப் பழைய அணிகளில் பெங்களூர்த் தமிழர்களும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் அந்த ஊர்க்காரர். பீலேக்குச் சிலை வைத்திருக்கிற கௌதமபுரம் ஆகட்டும், நம்ம வியாசர்பாடி ஆகட்டும், சந்தில் மூன்றுக்கு மூன்று ஆடித்தான் பிள்ளைகள் கற்றன. ஜெர்மனி இப்போது காசு செலவழித்துக் கொண்டுவருகிற ஆட்டம் அதுதான். நம் பிள்ளைகளுக்கு சந்து இல்லை, கார் பார்க்கிங்தான் இருக்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது அந்தச் சந்தை நாம் உருவாக்கிக் கொடுக்கலாம் இல்லையா?

கத்துவதையும் குறைக்கலாம். கன்னட அப்பா ஓரத்திலிருந்து 'ஹொடி, ஹொடி' (அடி என்று அர்த்தம்) என்று கத்த, நம்ம பிள்ளை 'ஓடு' என்று நினைத்துப் பந்தை விட்டுவிட்டு ஓடியதெல்லாம் நடந்திருக்கிறது. அதைக் கேட்டு அம்மா தமிழில் ஒன்று, கோச் ஆங்கிலத்தில் ஒன்று. எட்டு வயசு மூளை மூன்று பாஷையில் கட்டளை வாங்கிக்கொண்டு எப்போது பந்தைப் பார்க்கும்?

அணிப்பட்டியலையும் பார்த்தேன். பதினாலு பேர். போன வருஷம் நம்மோடு ஆடிய நாலு பெண் பிள்ளைகளில் ஒருத்திகூட இல்லை. கேட்டால், "பசங்க மேட்ச் சார், தாங்காது" என்றார்கள். ஒன்பது வயசில் இரண்டு பேருக்கும் பலத்தில் பெரிய வித்தியாசமே கிடையாது. அவர்களில் ஒருத்தி இடது காலால் பந்தை இழுத்துத் திரும்புவாள், என் பையனுக்கு இன்னும் அது வரவில்லை. போட்டிக்கு அனுப்புவதோ வேண்டாமோ, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு பேரையும் திரும்பக் கூட்டிவரச் சொல்லி அவர்கள் வீட்டில் பேசியிருக்கிறேன். இரண்டு வீட்டில் சரி என்றிருக்கிறார்கள்.