கொடுத்த கை கேட்கலாமா?



நம் சங்கங்களில் பல, சங்கத்தோடு ஓர் அறக்கட்டளையையும் வைத்திருக்கின்றன. ஓர் ஊரில் பள்ளிக்கூடம், ஓர் ஊரில் இலவச மருந்தகம், இன்னோர் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. இவை எல்லாம் நமக்கு முன்னால் கடை வைத்திருந்தவர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமையில் உண்டானவை. இன்று இவற்றில் பல மூச்சு வாங்குகின்றன. ஆசிரியர் சம்பளம், மின்கட்டணம், கட்டடப் பராமரிப்பு எல்லாம் ஏறிவிட்டன. கொடுக்கிற கைகளோ குறைந்துவிட்டன. கடைக்காரர் மகன் கடைக்கு வருவதில்லை. வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறான். கடையோடு சேர்ந்து மகமையும் நின்றுவிடுகிறது.

ஆகவே, "பெரிய அறக்கட்டளைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விண்ணப்பம் போட்டு நிதி வாங்கலாமே" என்ற பேச்சு இப்போது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. எழுந்தவுடன் இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. மூத்தவர்கள், "நாம் கொடுத்துப் பழகியவர்கள். இன்னொருவன் வாசலில் போய் நிற்பதா? நம் கணக்கை வெளியாளிடம் காட்டுவதா?" என்கிறார்கள். இளையவர்கள், "வெளியில் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் வரும். கடை கடையாக ஏறி இறங்கி மகமை வசூலிப்பது இனி எதற்கு?" என்கிறார்கள். இரண்டு பேச்சையும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். இரண்டிலும் பாதிதான் சரி என்பது என் கருத்து.

பெரிய மகமை, சிறிய மகமை

முதலில் மூத்தவர்களுக்கு. அறக்கட்டளை நிதி என்பது யாருடைய பணம்? சர் ரத்தன் டாடா அறக்கட்டளை 1919இலும், சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை 1932இலும் ஏற்பட்டவை. அந்தக் குடும்பமும் வியாபாரத்தில் எழுந்த குடும்பம்தான். சம்பாதித்ததில் ஒரு பங்கை ஊருக்கு என்று ஒதுக்கினார்கள். நாம் மூட்டைக் கணக்கில் செய்ததை அவர்கள் ஆலைக் கணக்கில் செய்தார்கள். பெரிய வணிகனின் மகமையும் சிறிய வணிகனின் மகமையும் ஒரே வேலைக்காகச் சேர்வதில் பிச்சை எங்கே வந்தது? கூட்டு வியாபாரத்தில் ஒருவர் முதல் போடுகிறார், ஒருவர் உழைப்பும் ஊர் அறிவும் போடுகிறார். இதுவும் அப்படித்தான்.

நம் சொந்த வரலாறும் அதைத்தான் சொல்கிறது. விருதுநகரில் 1885இல் உண்டான க்ஷத்ரிய வித்யாசாலா வணிகர் மகமையில் எழுந்த பள்ளி. கடைக்காரர் மகமை மட்டும் போதாது என்று வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில். பிடி அரிசி கேட்டுப் போனவர்கள் கௌரவம் குறைந்துபோய்விடவில்லை. பொதுக் காரியத்துக்குக் கேட்பதில் இழிவு இல்லை. கேட்டு வாங்கியதற்குக் கணக்குச் சொல்லாமல் இருப்பதுதான் இழிவு.

கணக்கைக் காட்டுவதா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சென்னையில் பெரும் பொருள் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். தருமத்துக்கென்று உயில் எழுதி வைத்திருந்தார். பணம் இருந்தது, எழுத்தும் இருந்தது. ஆனால் நிர்வாகத்தில் தகராறு, வழக்கு. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் பணம் கிடந்தது, படிக்க வேண்டிய பிள்ளைகள் படிக்காமலே போனார்கள். நிர்வாகமும் ஒழுங்காக இருந்தால்தான் பணம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சங்கம் வேறு, அறக்கட்டளை வேறு

சங்கம் நம் உறுப்பினர்களின் நலனுக்காக இருப்பது. லைசென்ஸ் பிரச்சினை, வரிப் பிரச்சினை, மே 5 வணிகர் தின மாநாடு இவை சங்கத்தின் வேலை. இதற்கு எந்த அறக்கட்டளையும் நிதி தராது, தரவும் கூடாது. பொதுமக்களுக்குப் பயன்படும் காரியத்துக்கே நிதி. ஆகவே அறக்கட்டளைக்குத் தனிப் பத்திரம், தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, தனி நாள்வழி, தனிப் பேரேடு வேண்டும். சங்கத்துக்கு அவசரம் என்று பள்ளிக்கூடப் பணத்தை எடுத்துவிட்டு, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது பல ஊர்களில் நடக்கிறது. கடையில் கூட்டாளி அப்படிக் கல்லாவில் கை வைத்தால் சும்மா இருப்போமா?

பயன் யாருக்கு என்பதையும் பார்ப்பார்கள். உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்த பின் ஏற்பட்ட அறக்கட்டளை, குறிப்பிட்ட ஒரு சாதியாருக்கோ சமயத்தாருக்கோ மட்டும் என்று இருந்தால் வரிவிலக்குக்கே இடைஞ்சல் வரும். பழைய பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று ஆடிட்டரிடமும் வக்கீலிடமும் காட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பதிவு. 12ஏ என்றும் 80ஜி என்றும் நாம் சொல்லிப் பழகிய இரண்டு பதிவுகள் இருக்கின்றன. முன்னது அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு. பின்னது நமக்குக் கொடுப்பவருக்கு வரிச் சலுகை. 2025இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என வகுக்கப்பட்டது. அதில் பிரிவு எண்கள் வேறு. எண் மாறினாலும் தேவை மாறவில்லை. முன்பு ஒரு முறை வாங்கினால் போதும் என்றிருந்தது, 2021இல் இருந்து காலக்கெடு வைத்துப் புதுப்பிக்கும் முறையாகிவிட்டது. தராசுக்கு முத்திரை புதுப்பிப்பது போல இதையும் நாள் குறித்து வைத்துச் செய்ய வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடையாது என்பதையும் நன்கொடையாளர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து ஆலையை முதலில் பாருங்கள்

நிதி எங்கே கேட்பது? பம்பாய்க்கும் பெங்களூருக்கும் போகுமுன் பக்கத்தில் பார்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் வகுத்த அளவுப்படி, நிகரச் சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சி.எஸ்.ஆர். நிதி என்கிறார்கள். தாங்கள் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. நம் ஊர்ப் பக்கத்தில் உள்ள நூற்பாலை, சிமெண்டு ஆலை, சர்க்கரை ஆலை இவற்றில் எது இந்த அளவுக்குள் வருகிறது என்று விசாரிப்பது கடினமான வேலை அல்ல. நம்மில் பலர் அவர்கள் கேண்டீனுக்கே சரக்குப் போடுகிறவர்கள்.

அந்த நிதியை வாங்கும் அறக்கட்டளைக்கு வரிவிலக்குப் பதிவுகள் இருக்க வேண்டும். அதே மாதிரிப் பணியை மூன்று ஆண்டுகளாவது செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் பதிவு செய்து எண் பெற்றிருக்கவும் வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பள்ளி நடத்தும் நமக்கு அந்த மூன்று ஆண்டு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் இருக்கும் நம் பையன் கொடுப்பது உள்நாட்டுப் பணம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட நம் சித்தப்பா மகன் கொடுப்பது வெளிநாட்டுப் பணம். சொந்தக்காரர்தானே என்று கோயில் கொடைக்கு வாங்குவது போல வாங்கிப் போட்டுவிட்டால் பெரிய தொந்தரவு.

விண்ணப்பம் என்பது ஒரு விலைப்புள்ளி

விண்ணப்பம் எழுதத் தெரியாது என்று பலர் தயங்குகிறார்கள். இங்கிலீஷ் நடை பற்றிக் கவலை வேண்டாம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் ஊருக்கு ஊர் இருப்பார். சரக்கு நம்மிடம்தான் இருக்கிறது. ஒரு விடுதிக்கு மளிகைச் சரக்கு விலைப்புள்ளி கொடுக்கும்போது என்ன எழுதுகிறோம்? என்ன சரக்கு, எவ்வளவு, என்ன தரம், என்ன விலை, எந்தத் தேதிக்குள், பணம் எப்போது. விண்ணப்பத்திலும் அதேதான். என்ன குறை, யாருக்கு, எத்தனை பேருக்கு, அதைத் தீர்க்க என்ன செய்வோம், எவ்வளவு செலவு, எத்தனை மாதம், வேலை முடிந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது.

"கல்விப் பணியில் சிறந்து விளங்கும் எங்கள் அறக்கட்டளைக்குத் தாராளமாக உதவுமாறு" என்று எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். "இத்தனை மாணவிகள் படிக்கும் பள்ளியில் இத்தனை கழிப்பறைகள்தான் உள்ளன, மேலும் இத்தனை கட்ட இன்ன செலவு, கொத்தனார் மதிப்பீடு இணைப்பில்" என்று எழுதினால் படிப்பார்கள். பத்து லட்சம் தேவை என்றால் பத்து லட்சம் கேளுங்கள். பாதியாகக் குறைப்பார்கள் என்று இருபது எழுதுவது சந்தையில் பேரம் பேசும் பழக்கம். இங்கே அது நம் மதிப்பைக் குறைக்கும். அந்த அறக்கட்டளை எந்தப் பணிக்கு நிதி தருகிறது என்று பார்த்துவிட்டே எழுத வேண்டும். கருவாட்டுக் கடையில் கற்பூரம் கேட்கக் கூடாது.

இதில் தரகர்களும் புகுந்திருக்கிறார்கள். "நூற்றுக்குப் பத்து கொடுங்கள், நிதி வாங்கித் தருகிறேன்" என்று எங்கள் ஊருக்கும் ஒருவர் வந்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவருக்கு அவர் உழைப்புக்கான கூலி கொடுப்பது நியாயம். வரும் தருமப் பணத்தில் பங்கு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். அந்தப் பத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? எழுத முடியாத செலவு எதுவும் அறக்கட்டளையில் இருக்கக் கூடாது.

மகமையை நிறுத்தாதீர்கள்

இனி இளையவர்களுக்கு. வெளி நிதி வருகிறது, மகமை வேண்டாம் என்கிறீர்கள். எந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்தாலும் ஏதாவது ஒரு வடிவில் இரண்டு கேள்விகள் இருக்கும். உங்கள் பங்கு எவ்வளவு? எங்கள் நிதி முடிந்த பிறகு இந்தப் பணியை எப்படி நடத்துவீர்கள்? இந்த இரண்டுக்கும் நம்மிடம் உள்ள ஒரே நேர்மையான பதில் மகமைதான்.

வெளி நிதி ஒரு பருவத்துக்கு வரும் சரக்கு. ஓராண்டு, இரண்டாண்டு, அதிகமானால் மூன்றாண்டு. கொடுத்தவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். கட்டடம் கட்ட, கிணறு வெட்ட, மேசை நாற்காலி வாங்க அந்தப் பணம் பொருத்தம். மாதச் சம்பளத்தை அதில் வைத்தால், நிதி நின்ற மாதம் ஆசிரியர் நிற்பார், அவரோடு வகுப்பும் நிற்கும். நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளையிடம், நிதி முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்று யார் சொல்வது? தினச் செலவு மகமையில், ஒரு தடவைச் செலவு வெளி நிதியில் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. மூட்டைக்கு ஐம்பது காசோ ஒரு ரூபாயோ கொடுப்பவருக்கு அந்தப் பள்ளியில் உரிமை உண்டு. பொதுக்குழுவில் எழுந்து கேள்வி கேட்பார். மகமை நின்றால் அந்தக் கேள்வியும் நின்றுவிடும். கேள்வி கேட்க ஆளில்லாத நிர்வாகம் எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. வெளியூர் அதிகாரி வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பது, உள்ளூர்க் கடைக்காரர் தினம் அந்த வழியாகப் போகும்போது பார்ப்பதற்கு ஈடாகாது.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. அடுத்த பொதுக்குழுவில் அறக்கட்டளையின் மூன்று ஆண்டு ஐந்தொகையை அச்சிட்டு எல்லா உறுப்பினருக்கும் கொடுங்கள். விடுபட்டுப்போன மகமையை, தொகை சிறிதானாலும், எல்லாக் கடையிலும் மீண்டும் தொடங்குங்கள். ஒரு மூத்த வணிகர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவர் என்று மூவர் குழு அமைத்து, ஒரே ஒரு தேவைக்கு ஒரே ஒரு விண்ணப்பம் தயார் செய்யச் சொல்லுங்கள். முதல் இரண்டும் முடிந்த பிறகே மூன்றாவது தபாலில் சேரட்டும்.