ஊசி பொருந்தினால் சார்ஜர் பொருந்துமா?

“எங்களிடம் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் இருக்கிறது. கத்திரிக்கும் நிலக்கடலைக்கும் அதில்தான் மருந்து அடிக்கிறோம். அதன் சார்ஜர் போய்விட்டது. களை வெட்டும் கருவிக்கு வந்த சார்ஜரின் ஊசி இதிலும் சரியாகப் பொருந்துகிறது. அதையே போடலாமா? ராத்திரி போட்டுவிட்டுப் படுத்து, காலையில் எடுத்தால் சரியாக இருக்குமா?”
- வாசகர், மேல்விஷாரம்.

இரண்டுமே கூடாது.

முதலில் சார்ஜரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன் முதுகில் ‘இன்புட்’, ‘அவுட்புட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். இன்புட் என்பது வீட்டு மின்சாரம். பார்க்க வேண்டியது அவுட்புட் வரிதான். பெரும்பாலான ஸ்பிரேயர்களில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி கொண்ட, மூடி சீல் செய்த காரீய-அமில பேட்டரி. இதற்கான சார்ஜர் சுமார் 14.4 வோல்ட் கொடுக்கும். களை வெட்டும் கருவிகளில் ‘20 வோல்ட்’, ‘21 வோல்ட்’ என்று விற்கப்படுபவற்றில் ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல் நிரம்பினால் 4.2 வோல்ட். ஆக அந்தச் சார்ஜர் 21 வோல்ட் தரும். 12 வோல்ட் காரீய பேட்டரிக்கு 21 வோல்ட் போனால் உள்ளே அமிலம் கொதித்து, ஹைட்ரஜன் வாயு கிளம்பி, பெட்டி உப்பிவிடும். ஸ்பிரேயரின் அடிப்பகுதியில் மூடிய அறைக்குள் அந்த வாயு தேங்கி நின்றால் ஸ்விட்ச் போடும்போது வரும் சிறு பொறியே போதும்.

இப்போது லித்தியம் பேட்டரி வைத்த ஸ்பிரேயர்களும் வருகின்றன. அவற்றில் மூன்று செல் இருந்தால் 12.6 வோல்ட்டோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பழைய காரீய ஸ்பிரேயரின் 14.4 வோல்ட் சார்ஜரைச் செருகினால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.8 வோல்ட் போகும். உள்ளே இருக்கும் காப்புப் பலகை வெட்டிவிட்டால் தப்பிக்கலாம். மலிவான பேட்டரிகளில் அந்தப் பலகையை நம்பி வீட்டைப் பணயம் வைக்க முடியாது. தலைகீழாக, 12.6 வோல்ட் சார்ஜரைக் காரீய பேட்டரிக்குப் போட்டால் தீ வராது, பேட்டரி முழுதாக நிரம்பாமல் கிடந்து சில மாதத்தில் செத்துவிடும். ஆகவே வோல்ட், ஆம்பியர், பேட்டரியின் வகை, ஊசியின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற நான்கும் ஒத்துப்போனால்தான் அது அந்தக் கருவியின் சார்ஜர். புதிதாக வாங்கும்போது பழைய சார்ஜரையும் ஸ்பிரேயரையும் கடைக்கே எடுத்துக்கொண்டு போவது நல்லது.

இரவு முழுக்கப் போடும் பழக்கம்தான் இதைவிடப் பெரிய ஆபத்து. மேல்விஷாரத்துக்குப் பக்கத்திலேயே, வேலூர் சின்ன அல்லாபுரத்தில், 2022 மார்ச் 25-ம் தேதி இரவு ஒரு வீட்டில் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தார்கள். தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி தந்தையும் 13 வயது மகளும் இறந்துபோனார்கள். பழைய சாக்கெட்டில் ஏற்பட்ட மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று அப்போது முதல்கட்ட விசாரணையில் பேசப்பட்டது. அந்த ஆண்டு நாட்டின் பல ஊர்களில் ஸ்கூட்டர் தீ விபத்துகள் நடந்ததால் வாகன பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ். 156 என்ற சோதனை விதிமுறையை மத்திய அரசு கடுமையாக்கியது. அந்த விதி வாகனங்களுக்குத்தான். முதுகில் சுமக்கும் ஸ்பிரேயருக்கும் களை வெட்டும் கருவிக்கும் அது பொருந்தாது.

எவ்வளவு நேரம் போடலாம் என்பது எளிய கணக்கு. 8 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.7 ஆம்பியர் சார்ஜர் என்றால் 8-ஐ 1.7-ஆல் வகுத்தால் ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைவு. வீணாவதையும் சேர்த்து ஐந்து, ஆறு மணி நேரம். 12 ஆம்பியர்-மணி என்றால் எட்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது போட்டு, செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். பச்சை விளக்கு வந்ததும் ஸ்விட்சை நிறுத்திக் கழற்ற வேண்டும். மருந்து அடித்து முடித்த சூட்டோடு போடாமல் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். மே மாதத்தில் தகரக் கொட்டகைக்குள் சார்ஜ் போடவே கூடாது. வெளியே 40 டிகிரி என்றால் தகரத்துக்குக் கீழே அதைவிட அதிகம். லித்தியத்துக்கு அந்தச் சூடு ஆகாது.

இடம் எது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சிமென்ட் தரை, நிழல், காற்றோட்டம், அருகில் எரியும் பொருள் எதுவும் இல்லாமை. இவ்வளவு போதும். வைக்கோல், சாக்கு, களை வெட்டும் இயந்திரத்துக்கான பெட்ரோல் கேன் இவற்றை யாரும் சொல்லாமலே தள்ளி வைப்பார்கள். ஆனால் 13:0:45 என்ற பொட்டாசியம் நைட்ரேட் மூட்டை பக்கத்தில் இருப்பதைக் கவனிப்பதில்லை. அது தானாக எரியாது. எரியும் தீக்கு ஆக்சிஜன் கொடுத்து மூட்டிவிடும். மேல்விஷாரம், ஆம்பூர் வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைக்கும் குடும்பங்களில் ரப்பர் சொல்யூஷன், தின்னர் டப்பாக்கள் திறந்தபடி இருக்கும். அந்த ஆவி தரையோடு தவழ்ந்து போய் பிளக் பொறியில் பற்றிக்கொள்ளும். அந்த அறையில் சார்ஜர் வேண்டவே வேண்டாம். வாசற்படி அருகிலும் வேண்டாம், தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியே அடைபடும்.

மோட்டார் ஷெட்டில் மும்முனை லைனில் ஒரு பேஸை எடுத்து, நியூட்ரலுக்குப் பதில் எர்த் கம்பியில் கட்டி சார்ஜ் போடுகிறவர்கள் உண்டு. எர்த் சரியில்லாத நாளில் மோட்டாரின் இரும்பு உடம்பே ஷாக் அடிக்கும். தவறி இரண்டு பேஸை இணைத்தால் 400 வோல்ட்டுக்கு மேல் ஏறி சார்ஜர் வெடிக்கும். வீட்டு இணைப்பில், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் உயிருக்குக் காப்பு. சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து ஸ்விட்சை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது, எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

போர்டோ கலவை அடித்த பிறகு மயில்துத்தம் சார்ஜ் துளையில் புகுந்து உலோகத்தை அரிக்கும். கழுவும்போது ரப்பர் மூடியை மூடி, நன்றாக உலர்ந்த பிறகே ஊசியைச் செருக வேண்டும், மருந்துக் கையோடு அல்ல. உப்பிய, விழுந்து நசுங்கிய, தண்ணீரில் மூழ்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போட்டுச் சோதித்துப் பார்க்கவே கூடாது.

புகை வந்தால் முதலில் மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். அதற்கு முன் தண்ணீர் ஊற்றக் கூடாது. லித்தியம் பேட்டரியைக் கையால் தூக்கி வெளியே எறிய முயலாமல், எல்லோரும் வெளியேறி 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும். அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றிக்கொள்ளும், ஆகவே அதை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது.

கெட்டுப்போன காரீய பேட்டரிக்குக் கடையில் பழைய விலை கிடைக்கும். 2022-ம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. லித்தியம் என்றால் முனைகளில் டேப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். தோல் கழிவுநீரால் பட்டபாடே பாலாற்றுக்குப் போதும், காரீயத்தையும் அதில் கொட்ட வேண்டாம்.